காரணம் எண் பதினேழு

திறந்த அரசுச் சட்டம் வந்த பிறகு எங்கள் மாநிலத்தில் காரணம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. தெருவிளக்கு போட்டால் காரணம் சொல்ல வேண்டும், போடாவிட்டாலும் சொல்ல வேண்டும். அரசு எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அன்றைக்கே இணையதளத்தில் ஏறும். முடிவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். அலுவலகங்களில் அதற்குக் காரணப் பெட்டி என்று பெயர். அதைக் காலியாக விட்டால் தளம் ஏற்காது. 'இல்லை' என்று எழுதினாலும் ஏற்காது. சட்டத்தை எழுதியவர்கள் அரசு அலுவலகங்களை நன்றாக அறிந்தவர்கள்.

என் பெயர் கோமதிநாயகம். தற்செயல் ஒதுக்கீட்டு ஆணையத்தில் பொதுத் தகவல் அலுவலர். மனுப் போட்டுக் கேட்கிறவர்களுக்கு முப்பது நாளில் பதில் சொல்வது என் வேலை. எல்லாமே ஏற்கெனவே தளத்தில் இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் இந்த அலுவலகத்துக்கு மாறுதல் கேட்டு வாங்கினேன்.

ஆணையத்தின் வேலை எளிமையானது. பொருள் நாற்பது, தகுதியுள்ளவர்கள் இருநூறு என்றால் யாருக்குக் கொடுப்பது? முன்பு பானையில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். வேண்டியவர் சீட்டை முதல் நாளே ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வருகிறார்கள், கை விட்டால் ஜில்லென்று தெரிந்துவிடும் என்று புகார் வந்தது. பிறகு கணினியில் குலுக்கினார்கள். அதற்கு நிரல் எழுதியவர் யாருடைய மைத்துனர் என்று கேள்வி வந்தது. கடைசியில் மைத்துனர்களே இல்லாத ஒன்றைத் தேடி அணுவிடம் போனார்கள்.

கிண்டியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஓர் ஈயப் பெட்டி இருக்கிறது. உள்ளே கடுகளவு கதிரியக்கப் பொருள். புகை வந்தால் அலறும் கருவிக்குள் இருக்குமே, அதே சரக்கு. அதிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதையும். ஒன்று சிதைந்தால் ஒரு 'டிக்'. இரண்டு டிக்குக்கு நடுவே எவ்வளவு நேரம் போனது என்பதிலிருந்து ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குரியவருக்குப் பொருள். ஒவ்வொரு டிக்கும் கேட்ட அதே நொடியில் தளத்தில் ஏறிவிடும்.

குலுக்கல் வெள்ளிக்கிழமைகளில் பகல் பன்னிரண்டு ஐந்துக்குத் தொடங்கும், ஏனென்றால் பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அணுவுக்கு ராகு காலம் கிடையாது என்று எங்கள் இயற்பியலாளர் டாக்டர் ஹெலன் எழுத்து மூலம் தெரிவித்தார். பொத்தானை அழுத்துகிற ஆணையருக்கு உண்டு. காரணப் பெட்டியில் 'நிர்வாக வசதி' என்று போட்டிருக்கிறோம்.

கிடைக்காதவர்களுக்கு என்ன காரணம் போடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. 'தற்செயல்' என்று எழுதினோம். 'இச்சொல் காரணம் ஆகாது' என்றது தளம். 'குலுக்கல் முடிவு' என்று எழுதினோம். பத்து பேர் வரை ஏற்றுக்கொண்டு, பதினோராவது ஆளுக்கு 'ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது அலட்சியமாகக் கருதப்படும்' என்று நிறுத்திவிட்டது. நான் அப்போது புதிதாக வந்திருந்தேன். ஒரு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து இருபத்து நான்கு காரணங்கள் எழுதினேன். 'மருத்துவக் குழுவின் முன்னுரிமை', 'மாவட்ட ஒதுக்கீடு நிறைவு', இந்த மாதிரி. எதை யாருக்குப் போடுவது? அதையும் டிக்கிடமே விட்டோம். அதுதான் நியாயம் என்று அப்போதைய ஆணையர் சொன்னார், நானும் தலையாட்டினேன். தணிக்கை அறிக்கையில் எங்களைப் பாராட்டி ஒரு வரி வந்தது.

இரண்டு வருடம் கழித்துத் தவமணியின் மனு வந்தது.

திருப்பூரிலிருந்து வந்திருந்தது. அவருடைய மகள் தன்விகாவுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே வரும் ஒரு நோய். தசைகள் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போகும். இரண்டு வயதுக்குள் ஓர் ஊசி போட்டால் குழந்தை உட்காரும், நிற்கும். போடாவிட்டால் முதலில் கழுத்து நிற்காது, பிறகு மூச்சு. அந்த ஊசி ஆறு மாதத்துக்கு நாற்பதுதான் அரசுக்குக் கிடைக்கும். போன குலுக்கலில் தன்விகாவின் எண் வரவில்லை. இன்னும் ஒரு குலுக்கல் இருந்தது, அதுதான் கடைசி.

ஏன் கிடைக்கவில்லை என்று சண்டை போடும் மனு என்று நினைத்துத்தான் பிரித்தேன். அதில் ஒரே ஒரு கேள்வி. 'என் குழந்தைக்கு ஊசி மறுக்கப்பட்ட காரணமாக, பெற்றோரின் தொடர் கவனிப்பில் குறைபாடு என்று தளத்தில் உள்ளது. குறைபாடு எந்தத் தேதியில் நடந்தது என்று தெரிவிக்கவும்.'

அது என் பட்டியலில் பதினேழாவது காரணம். எங்கிருந்து எடுத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. என் மகளின் எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் ஓர் ஆசிரியை இதே மாதிரி எழுதியிருந்தார். அன்றைக்கு வீட்டில் நான் என் மனைவியைத் திட்டினேன். பதினேழாவதுக்கு வேறெதுவும் தோன்றாததால் அதைப் போட்டேன்.

இருபது நாள் அந்த மனுவை மேசையிலேயே வைத்திருந்தேன். இருபத்தோராம் நாள் காலையில் தவமணியே நேரில் வந்துவிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

"சார், நான் எல்லாம் எழுதி வெச்சிருக்கறனுங்க," என்று நோட்டைத் திறந்தார். "மருந்து குடுத்த நேரம், கை காலை நீவி விட்ட நேரம், எல்லாமே. ஆகஸ்டு பன்னெண்டு மட்டும் இருபது நிமிசம் லேட்டுங்க. ஓவர்டைம் போட்டுட்டாங்க. அந்த நாளுங்களா?"

"இல்லம்மா."

"அப்ப செப்டம்பர் மூணா இருக்குமுங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

நான் உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காருங்க. வாரவங்களுக்கெல்லாம் காட்றாரு. அடிக்கறதெல்லாம் இல்லைங்க சார், நல்ல மனுசன்தான். ஆனா என் கையால சாப்புடறதில்லை. நாலு மாசமா ஓட்டல்தானுங்க. கவர்மெண்டே சொல்லிருச்சே, நான் என்ன பேசறது? எந்த நாளுன்னு தெரிஞ்சா, ஆமா தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி முடிச்சுக்குவேன்."

உண்மையைச் சொன்னால் இருபத்து நான்கும் வெளியே வரும், எல்லாம் என் கையெழுத்து. சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவரை இரண்டாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹெலனிடம் விட்டேன். பயந்தாங்கொள்ளிகள் எப்போதும் நிபுணரிடம்தான் அழைத்துப் போவார்கள்.

டாக்டர் ஹெலன் நாகர்கோவில்காரர். மந்திரிக்கும் சரி, மாடி பெருக்குகிறவருக்கும் சரி, ஒரே குரலில்தான் விளக்குவார். பெட்டியின் ஒலிபெருக்கியைத் திருகி வைத்தார். டிக். டிக்டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக்.

"இதுதான் உங்க பிள்ளைக்க எண்ணை எடுக்காத மெஷின்," என்றார். "இதுக்குள்ள கோடானுகோடி அணு இருக்கு. அதுல ஒண்ணு இப்ப சிதையும், பக்கத்துல இருக்கது நானூறு வருசம் கழிச்சுச் சிதையும்."

"ரெண்டுல ஒண்ணு டேமேஜ் பீஸுங்களா?" என்று தவமணி கேட்டார்.

"இல்ல. ரெண்டும் ஒண்ணுபோல. எந்த வித்தியாசமும் கிடையாது."

"அப்ப இது ஏன் சிதைஞ்சுது, அது ஏன் சிதையலை?"

"காரணம் இல்ல."

"தெரியலைங்களா, இல்லைங்களா?"

ஹெலன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கேள்வியை எங்க பாடத்துல பெரிய பெரிய ஆளுங்க நூறு வருசமாக் கேட்டிருக்காங்க. தெரியலைங்கது இல்லம்மா. இல்லைங்கதுதான்."

"கலெக்டர் கேட்டாலுமா?"

"கலெக்டர் கேட்டாலும்."

தவமணி யோசித்தார். "நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறனுங்க. குழந்தைங்க துணி. துணி வாங்கற பையரோட ஆளு வந்து ரேண்டமா எடுத்துப் பாக்கறேம்பாரு. அவரு எந்தப் பெட்டியத் தொறப்பாருன்னு எங்களுக்குத் தெரியும். நல்ல பீஸா பாத்து அதுல மேல வெச்சிருப்போம். பதினோரு வருசமா ரேண்டம்னா எனக்கு அதுதானுங்க தெரியும்."

"இந்தப் பெட்டிக்கு மேலும் கிடையாது கீழும் கிடையாது," என்றார் ஹெலன்.

பிறகு நான் சொன்னேன். பதினேழாவது காரணத்தையும் இந்த டிக்தான் எடுத்துப் போட்டது என்று சொன்னேன். நான் எழுதியது என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணலைங்களா?" என்றார். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஹெலன் ஒலிபெருக்கியை அணைத்தார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை எழுதிக் குடுங்க சார். சீல் வெச்சு. வீட்டுல காட்டோணும்," என்றார்.

அதுதான் முடியாது. பதில்களும் தளம் வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கு முன்னாலேயே தட்டச்சு செய்து காட்டினேன். 'காரணம் எதுவும் இல்லை.' தளம் சிவப்பில், 'சரியான காரணத்தை உள்ளிடவும்' என்றது. நான்கு விதமாக எழுதிப் பார்த்தோம். நான்குக்கும் அதே சிவப்பு. தவமணி நோட்டை எடுத்துக்கொண்டு கோவை ரயிலுக்குப் போய்விட்டார்.

மறுவாரம் தகவல் ஆணையத்தில் மேல்முறையீடு செய்தார். எங்கள் இப்போதைய ஆணையர் இளம்பரிதி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு வயது முப்பத்தெட்டு, எதற்கும் குரலை உயர்த்த மாட்டார்.

"ஹியரிங் வந்தா காரணப் பட்டியலைக் கேப்பாங்க," என்றார். "இருபத்து நாலும் நீங்க எழுதினது. இப்பவும் வாரா வாரம் ஓடிட்டு இருக்கறது என் கையெழுத்துல. ஹவுசிங் போர்டு வீடு, காலேஜ் சீட், எல்லாத்துக்கும் அதேதான். எத்தனை லட்சம் பேர்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"அந்தம்மா மேல்முறையீட்டை வாபஸ் வாங்கட்டும். அடுத்த லிஸ்ட்ல குழந்தை பேரு இருக்கும். ஹெலன்கிட்ட நீங்க பேசிடுங்க. நான் பேசலை. நாம இதைப் பத்திப் பேசவும் இல்லை."

காலை ரயிலில் திருப்பூர் போனேன். கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடையில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தவமணியைப் பார்த்தேன். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. விஷயத்தை எவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுற்றி வளைத்தேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"யாரோட இடமுங்க அது?"

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"நாப்பதுதானுங்களே. எம்பட புள்ள உள்ள வந்தா ஒண்ணு வெளிய போவோணுமே."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நேத்துலருந்து கழுத்து நிக்க மாட்டேங்குதுங்க சார்," என்றார். "எங்க கையெழுத்துப் போடோணும்?"

வாபஸ் கடிதத்தைப் பெஞ்சு மேல் வைத்துக் கையெழுத்திட்டார். பெயரை முழுசாக, நிதானமாக எழுதினார். அவரை நான் ஒரு நொடிகூடத் தப்பாக நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இனி ஹெலனிடம் பேச வேண்டியதுதான் பாக்கி. அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு முறை இரண்டாம் மாடிக்குப் படியேறினேன். முதல் முறை அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை பாதிப் படியில் நின்று ஒலிபெருக்கியில் டிக் டிக் என்று கேட்பதைக் கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அவர் கட்டாயம் மாட்டேன் என்பார். மாட்டேன் என்பதைவிட, சொல்லும்போது என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தேன். ஆணையரிடம் 'ஆகட்டும் சார்' என்று சொல்லியிருந்தேன். தவமணியிடம் 'கவலைப்படாதீங்க' என்று சொல்லியிருந்தேன். பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் ஹெலன் மீது பழியைப் போட்டுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் வைத்திருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

குலுக்கல் நாள் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், நாற்பது ஊசிகள். பன்னிரண்டு ஐந்துக்கு ஆணையர் பொத்தானை அழுத்தினார். நான் என் அறையில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தன்விகாவின் எண் நூற்று முப்பத்தொன்று. தவமணிக்கு என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்காவதாக நூற்று முப்பத்தொன்று வந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பது என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. வியப்பதற்கு எதுவுமே இல்லை. ஐந்து பேருக்கு ஒருவர் வீட்டில் இது நடந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழுந்து போய் முகம் கழுவினேன்.

ஆணையர் வராந்தாவில் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். "நான் ஒண்ணும் செய்யலை சார்," என்றேன்.

"கரெக்ட். அப்படித்தான் சொல்லணும்," என்றார்.

சாயங்காலம் ஹெலன் கீழே இறங்கி வந்தார். அவர் கீழே வருவது அபூர்வம். "சார், அந்தத் திருப்பூர்ப் பிள்ளைக்குக் கெடச்சிருக்கு. நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்ல."

மூன்று நாள் உட்கார்ந்து அன்றைய டிக் அனைத்தையும் சரிபார்த்தார். நான்காம் நாள் என் மேசைக்கு வந்து, "எல்லாம் சுத்தமா இருக்கு," என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, "கெட்டிக்காரத்தனமாச் செஞ்சிருந்தாலும் இப்படித்தான் சுத்தமா இருக்கும்," என்றார். அவர் கட்டிய எந்திரம், அவருக்கே அப்படிச் சந்தேகம்.

தவமணி போனில் பேசினார். "நன்றிங்க சார். வேற ஒண்ணும் கேக்க மாட்டனுங்க."

"அம்மா, கேளுங்க. நான் யாருகிட்டயும் சொல்லவே இல்ல. சொல்லணும்னு நெனச்சேன், சொல்லலை. அது தானா வந்தது. காரணமே இல்ல."

"சரிங்க சார்," என்றார், புரிந்துகொண்டவர் போல. "அப்படியே வெச்சுக்கலாமுங்க."

ஊசி போட்டார்கள். ஐந்து மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை தளத்தில் தவமணியின் பெயரில் புது மனு இருந்தது. இதிலும் ஒரே கேள்விதான். 'என் மகளுக்கு ஊசி கிடைத்ததால் ஊசி கிடைக்காமல் போன குழந்தையின் பெயரும் முகவரியும் தெரிவிக்கவும்.'

அந்த வாரமே நேரில் வந்தார். இடுப்பில் தன்விகா. கழுத்து நின்றிருந்தது. மேசை மேல் உட்கார வைத்ததும் கையூன்றாமல் உட்கார்ந்து என் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பறிக்க மனம் வரவில்லை.

"வீட்டுல எப்படிம்மா?"

"எங்கூட்டுக்காரரு இப்ப வீட்டுலதானுங்க சாப்புடறாரு. ராசியான புள்ளைன்னு சொல்லிட்டுத் திரியறாரு." பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார். "எனக்குத்தானுங்க சோறு எறங்க மாட்டேங்குது. இது எங்க கம்பெனித் துணி, எக்ஸ்போர்ட்டுக்குப் போறது. நானே செக் பண்ணினது, ஒரு பிசிறு இருக்காது. ரெண்டு வயசு சைஸ். அந்தக் குழந்தைக்குக் குடுக்கோணும். பொண்ணோ பையனோ ரெண்டுக்கும் ஆவும்."

"தவமணி, அப்படி ஒரு குழந்தை இல்ல. சத்தியமாச் சொல்றேன்."

"கெடைக்காத நூத்தி எழுபத்திரெண்டு பேரையும் தளத்துல பாத்துட்டனுங்க சார். பேரு, ஊரு எல்லாம் இருக்குது. யாருங்கறது மட்டும் இல்லை. மூணு பேருக்கு நேரா இப்ப 'நீக்கம்'னு போட்டிருக்குங்க." இறந்த குழந்தைகளைத் தளம் அப்படித்தான் குறிக்கும். "அந்த மூணுல ஒண்ணுங்களா?"

"இல்ல," என்றேன் அவசரமாக. "அந்த மூணு பேர் இல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா சார். இல்லைன்னு உங்களுக்குத் தெரியுதுன்னா, யாருன்னும் தெரியுமுங்களே."

இதே ஆள் இதே கட்டடத்தில் 'காரணம் இல்லை' என்பதைக் கேட்டு அழுதவர். அப்போது நம்பினார், ஏனென்றால் அதில் இடையில் யார் கையும் இல்லை. இப்போது டீக்கடைப் பெஞ்சில் என் கை நடுவே வந்துவிட்டது. இனி எந்த டிக்கைக் காட்டினாலும் அவர் கண்ணுக்கு, நல்ல பீஸை மேலே வைத்த பனியன் பெட்டிதான் தெரியும்.

"பேரு சொல்ல வேண்டாமுங்க, உங்களுக்குச் சங்கடம்," என்று எழுந்தார். "நீங்களே குடுத்துருங்க. நல்லவருங்க நீங்க." தன்விகாவின் வாயிலிருந்து ஸ்டாம்பை எடுத்து, தலைப்பில் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

மனுவுக்கு 'தகவல் நேரில் வழங்கப்பட்டது' என்று பதில் போட்டேன். தளம் உடனே பச்சை காட்டியது.

பொட்டலம் நான்கு நாள் என் அலமாரியில் இருந்தது. தூக்கிப் போட முடியாது. வைத்துக்கொள்ளவும் முடியாது. ஐந்தாம் நாள், மீதியிருந்த நூற்று அறுபத்தொன்பது பெயர்களையும் அச்செடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். ஹெலனிடம், "ஒரே ஒரு எண் வேணும். ஒண்ணுலருந்து நூத்தி அறுபத்தொம்பதுக்குள்ள," என்றேன்.

"எதுக்கு சார்?"

"ஒரு பச்சப்புள்ளைக்குத் துணி குடுக்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. டிக், டிக். எண்பத்தெட்டு. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், கலியமூர்த்தி என்பவரின் மகள் வர்ணிகா. முகவரியை அழகாக எழுதி ஒட்டினேன். பிறகு, முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், கீழே தபால் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தேன். தபால் பிரிவில் எது கொடுத்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். அனுப்புகை எண் போட்டு, நான்கு மூலையிலும் ஆணையத்தின் முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்கள்.

கலியமூர்த்தியின் மனு போன வாரம் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

'ஐயா, ஆணையத்திலிருந்து அனுப்பிய உடை கிடைத்தது. அளவு கொஞ்சம் பெரிது, ஆனாலும் போட்டுப் பார்த்தோம். நன்றி. இந்த நோய் உள்ள வேறு இரண்டு குழந்தைகளின் வீட்டில் விசாரித்தேன், அவர்களுக்கு எதுவும் வரவில்லை. அடுத்த குலுக்கலில் எங்கள் மகள் பெயர் வரும் என்பதைத்தான் அரசு வெளியில் சொல்ல முடியாமல் இப்படித் தெரிவிக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள். வர்ணிகாவுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி இரண்டு வயது முடிகிறது. பல நாள் கழித்து என் மனைவி இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். அவள் சொல்வது சரிதானா என்று மட்டும் தெரிவிக்கவும். சரியில்லை என்றால், இருநூறு வீட்டில் எங்கள் வீட்டுக்கு மட்டும் உடை அனுப்பிய காரணத்தைத் தெரிவிக்கவும்.'

பதில் சொல்ல எனக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. குலுக்கல் நாளை, பகல் பன்னிரண்டு ஐந்துக்கு. காரணப் பெட்டியில் 'இல்லை' என்று எழுதிப் பார்த்தேன், சிவப்பு வந்தது. பழைய இருபத்து நான்கையும் திறந்து படித்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

இன்று மதியம் இரண்டாம் மாடிக்குப் படியேறினேன். இந்த முறை பாதியில் நிற்கவில்லை. கதவைத் தட்டினேன். ஹெலன் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுத் திரும்பினார்.

"டாக்டரம்மா, நாளைக்குக் குலுக்கல்ல ஒரு பேரு வரணும்," என்றேன்.

நான் பயந்த பார்வை வரவில்லை. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"காரணம்?" என்றார்.